நெருப்பில்லாத ட்ரெய்லர்

"பேசாம வீட்டுக்கு வந்துடு, முனா. போட்டி எங்கேயும் ஓடிப்போகாது. அடுத்த வருஷமும் வரும்" என்று கணவன் சிராஜ் போனில் சொன்னபோது, முனவ்வரா ட்ரெய்லரின் பக்கவாட்டில் மண்டியிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒரு குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ட்ரெய்லரைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரின் புகை வெளியேறும் குழாய். அதன் வாய் முழுக்க மண். குளவி கூடு கட்டியிருந்தது.

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே அந்தக் கூட்டைக் கவனிக்காமல் ஹீட்டரைப் போட்டிருந்தால் இருக்கிற பிள்ளையே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குளிர் ஏறத் தொடங்கியிருந்தது.

"என்னங்க, நான் அப்புறம் கூப்பிடறேன்."

"ஹீட்டர் வேலை செய்யுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"செய்யல. ஆனா நாங்க வரலை."

டெக்ஸாஸின் இர்விங்கிலிருந்து வடமேற்கே, டிகேட்டர் தாண்டி, புல்வெளியும் கருவாலி மரங்களும் கலந்த ஒரு பெரிய காட்டின் ஓரத்தில் அந்த முகாம் இருந்தது. மறுநாள் காலை நெடுந்தூரக் குதிரைப் போட்டி. இருபத்தைந்து மைல், காட்டுப் பாதையில். கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் அவரவர் ட்ரெய்லரில்தான் படுக்க வேண்டும். குதிரையை விட்டுவிட்டு மோட்டலுக்குப் போகவும் முடியாது.

முனவ்வராவின் மகள் ரிதா இந்த நாளுக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். பதினாறு வயது. ஸ்கூல் முடிந்ததும் லாயத்துக்குப் போய்ச் சாணம் அள்ளி, கருப்புக் குட்டைக் குதிரை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்கு மிளகு என்று பெயரும் வைத்துவிட்டாள். "நம்ம பிள்ளைங்க எல்லாம் ஸ்பெல்லிங் போட்டிக்குப் போகுது, உன் மவ குதிரைச் சாணி அள்ளப் போறா" என்று பள்ளிவாசலில் ஒரு ஆன்ட்டி சொன்னபோது முனவ்வரா சிரித்துக்கொண்டாள். அடுத்த மாதமே பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி ஓட்டவும் கற்றுக்கொண்டாள். பின்பாதியில் மூன்று குதிரைகள் நிற்கலாம். முன்பாதியில் ஒரு குட்டி அறை: அடுப்பு, சின்ன மேஜை, வண்டியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பரண் போன்ற படுக்கை.

ஹீட்டரைச் செப்டம்பரிலேயே ஆள் வைத்துச் சரிபார்த்திருந்தாள். அதற்கப்புறம்தான் குளவி வந்திருக்கிறது.

ஒரு ஸ்க்ரூடிரைவரால் மண்ணைச் சுரண்டினாள். கட்டி கட்டியாக உதிர்ந்தது. குழாயின் வாய் திறந்துவிட்டது. ஆனால் உள்ளே குழாய் வளைந்து போனது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று டார்ச் காட்டவில்லை.

"இஸ் இட் ஃபிக்ஸ்டு?" என்று கேட்டபடி ரிதா வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. மிளகுக்குக் கம்பளி போர்த்திவிட்டு வந்திருந்தாள்.

"வெளிய இருக்கறதை எடுத்துட்டேன். உள்ள தெரியல."

"ஸோ டர்ன் இட் ஆன், மா."

"தெரியாம ஆன் பண்ண மாட்டேன். உள்ள அடைச்சிருந்தா புகை எங்க போகும்? நம்ம ரூமுக்குத்தான் வரும்."

"வீ ஹேவ் எ கார்பன் மோனாக்சைடு டிடெக்டர்! யூ பாட் எ ப்ராண்ட் நியூ ஒன்!"

"அது காரோட சீட் பெல்ட் மாதிரி கண்ணு. பெல்ட் இருக்குன்னு யாராவது சுவத்துல போய் இடிப்பாங்களா?"

ரிதா வானத்தைப் பார்த்தாள். வடக்கே நீலக்கருப்பாக ஒரு மேகச்சுவர் எழுந்திருந்தது. அது கொண்டுவரும் குளிர்காற்றை உள்ளூர்க்காரர்கள் நார்தர் என்பார்கள். மத்தியானம் ஸ்வெட்டர் கூடத் தேவைப்படாத ஊரில், அது வந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் பக்கெட் தண்ணீர் உறைந்துவிடும்.

அப்போதுதான் பக்கத்து ட்ரெய்லரிலிருந்து லொரெட்டா வந்தாள். எழுபது வயதைத் தொட்டவள், ஒல்லி, தொப்பிக்குக் கீழே வெள்ளைப் பின்னல். இந்தக் காட்டில் முப்பது வருஷமாகக் குதிரை ஓட்டுகிறவள். சாயங்காலம் வந்து இறங்கியதுமே மிளகுக்கு எங்கே கயிறு கட்டினால் காற்று அடிக்காது என்று இடம் காட்டியவளும் அவள்தான். கையில் ஒரு சின்ன கேஸ் ஹீட்டர். அடியில் சிலிண்டர் மாட்டி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும் வகை.

"என்கிட்ட ரெண்டு இருக்கு. இதை நீங்க வெச்சுக்கோங்க" என்றாள் தன் நீட்டி இழுக்கும் ஆங்கிலத்தில். "உள்ளே வெச்சுட்டுத் தூங்குங்க. சொர்க்கம்."

ரிதாவின் முகம் மலர்ந்தது. முனவ்வரா ஹீட்டரைக் கையில் வாங்கவில்லை.

"ரொம்ப நன்றி லொரெட்டா. ஆனா தூங்கற இடத்துல புகைக்குழாய் இல்லாத நெருப்பை நான் வைக்கறதில்லை."

"இதுல சென்ஸர் இருக்கு ஹனி. ஆக்ஸிஜன் குறைஞ்சா தானே அணைஞ்சிடும். என் புருஷன் உயிரோட இருந்த காலத்திலேர்ந்து இதேதான்."

"பழைய சென்ஸரை நம்பித் தூங்க என்னால முடியாது. நீங்களும் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைங்க. தூங்கறதுக்கு முன்னாடி அணைச்சிடுங்க, ப்ளீஸ்."

லொரெட்டா சிரித்தாள். கோபமில்லாத சிரிப்புதான். "ஜன்னலைத் திறக்கவா? இந்தக் காத்துக்கு நான் துண்டை வெச்சு அடைச்சுட்டு வந்திருக்கேன்." ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் ரிதா வெடித்தாள். "எவ்ரிபடி யூசஸ் தட், மா! எவ்ரி சிங்கிள் பெர்சன் ஹியர்! ஒய் டூ வீ ஆல்வேஸ் ஹேவ் டு பீ தி வியர்ட் ஒன்ஸ்?"

முனவ்வரா ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். மூச்சு விட முடியாமல் வருகிறவர்களுக்கு மூச்சு கொடுப்பது அவள் வேலை.

"டெக்ஸாஸ் முழுக்க கரண்ட் போச்சே, அந்த பெப்ரவரி. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"வீ ஸ்லெப்ட் இன் தி கார். ஐ ரிமெம்பர்."

"நீங்க தூங்கினீங்க. நான் ட்யூட்டில இருந்தேன். குளிர் தாங்காம பார்பெக்யூ அடுப்பை வீட்டுக்குள்ள கொண்டுபோய் வெச்சுக்கிட்ட ஒரு குடும்பம் வந்துச்சு. அம்மா, அப்பா, ரெண்டு பிள்ளைங்க. தலைவலின்னு படுத்திருக்காங்க. ஃப்ளூன்னு நினைச்சிருக்காங்க. அந்தப் புகையில இருக்கற விஷத்துக்கு வாசனை கிடையாது ரிதா, நிறம் கிடையாது. பெரிய பிள்ளைக்கு உன் வயசுதான் இருக்கும்."

ரிதா கேட்கவில்லை, அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

"ஸோ வீ ஜஸ்ட் ஃப்ரீஸ்?" என்றாள் கொஞ்சம் தணிந்த குரலில்.

"யாரு சொன்னா? நெருப்பு இல்லாம சூடா இருக்க முடியாதா என்ன? வா, வேலை இருக்கு."

வேலை நிறையவே இருந்தது. ட்ரெய்லரின் ஜன்னல்களுக்கு வெள்ளிப் பூச்சுப் போட்ட நுரை அட்டையை அளவெடுத்து வெட்டி அழுத்தினார்கள். குதிரைக்குக் கொண்டுவந்த தடித்த கம்பளிகளில் ஒன்றைக் கதவுக்குத் திரையாகத் தொங்கவிட்டார்கள். கூரையில் இருந்த காற்றுத் துளையை மட்டும் முனவ்வரா ஒரு விரல் அளவுக்குத் திறந்தே வைத்தாள். மூச்சுவிடும் ஈரம் தங்கினால் படுக்கை நனைந்துவிடும். நனைந்தால் எந்தப் போர்வையும் உதவாது.

கேம்ப் அடுப்பை வெளியே, காற்று மறைவில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கறிக்கஞ்சியைச் சூடாக்கினாள். ரிதா நின்றபடியே இரண்டு கிண்ணம் குடித்தாள். அதே அடுப்பில் பானை பானையாகத் தண்ணீர் காய்ச்சி, எவர்சில்வர் பாட்டில்களில் ஊற்றி, மூடியை இறுக்கி, கம்பளிச் சாக்ஸுக்குள் நுழைத்தார்கள். பரண் படுக்கையில் கால்மாட்டில் இரண்டு, இடுப்புக்கு ஒன்று, நடுவில் ஒன்று.

"ஸ்வெட் பண்ணாத. ஜாக்கெட்டைக் கழட்டிட்டு, காஞ்ச உடுப்பு போட்டுக்கோ. தொப்பியைக் கழட்டாத."

"யெஸ், கமாண்டர்."

அந்தக் கிண்டலில் கோபம் பாதி கரைந்திருந்ததை முனவ்வரா கவனித்தாள். நெருப்பே வைக்காத அறையில் டிடெக்டர் அலாரத்தை எதற்கு மாட்டுகிறாய் என்று ரிதா கேட்டாள். அவளுடைய உம்மா தலையைத் தெற்குப் பக்கம் ஆட்டினாள். அங்கே யாரோ ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "காத்து திரும்பினா அவங்க புகை நம்ம வீட்டு விருந்தாளி."

தூக்கம் அரைகுறைத் தூக்கம்தான். நார்தர் வந்து ட்ரெய்லரை உலுக்கியது. தகரம் முனகியது. போர்வைக்கு வெளியே நீட்டிய மூக்கு மரத்துப்போனது. சிராஜ் அனுப்பிய மெசேஜுக்கு, "நல்லா இருக்கோம், தூங்குங்க" என்று படுத்தபடியே தட்டிவிட்டு, முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்ட மகளின் சூட்டில் முனவ்வரா கண்ணயர்ந்தாள்.

சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது காற்று அடங்கியிருந்தது. கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புல்லெல்லாம் கண்ணாடி. பாட்டிலில் மிச்சமிருந்த வெதுவெதுத் தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒளு செய்து தொழுதுவிட்டு மிளகுக்கு வைக்கோல் போட இறங்கியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டங், டங் என்று யாரோ பக்கெட்டை உதைக்கிற சத்தம்.

லொரெட்டாவின் குதிரை பிஸ்கட். தண்ணீர் பக்கெட் உறைந்து கிடந்தது. வைக்கோல் வலை காலி. அது முன்னங்காலால் பக்கெட்டை உதைத்துக்கொண்டே இருந்தது.

"நான் எழுந்து என் குதிரைக்குத் தீனி வெச்ச பிறகுதான் சூரியனே எழுந்திருக்கும்" என்று லொரெட்டா முந்தின நாள் பெருமையடித்திருந்தாள்.

முனவ்வரா ஓடினாள். கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளங்கையால் அறைந்தாள்.

"லொரெட்டா! லொரெட்டா, கதவைத் திற!"

உள்ளே ஏதோ விழுந்தது. தாழ்ப்பாள் தடுமாறித் தடுமாறி விலகியது. லொரெட்டா நின்றுகொண்டிருந்தாள், நின்றுகொண்டிருந்தாள் என்பதைவிடக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தாள் என்பதே சரி. அவளுக்குப் பின்னால், துண்டுகளால் அடைத்த ஜன்னலுக்குக் கீழே, ஹீட்டர் இன்னும் ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது.

முனவ்வரா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, லொரெட்டாவின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு அவளை வெளியே இழுத்து வைக்கோல் கட்டின் மேல் உட்கார வைத்தாள். மறுபடி மூச்சை இழுத்து உள்ளே போய் ஹீட்டரின் குமிழைத் திருகி அணைத்தாள். வெளியே வந்து கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"ஃப்ளூ" என்றாள் லொரெட்டா. "தலை ரெண்டா பிளக்குது." சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.

சத்தம் கேட்டு எழுந்த ரிதா கம்பளி சாக்ஸோடு ஓடிவந்தாள். ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி ஓடி, தங்கள் ட்ரெய்லரின் சுவரிலிருந்து அலாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"உள்ள போகாத!"

"ஐ நோ, மா." வாசற்படியிலேயே நின்று, கையை மட்டும் நீட்டி அலாரத்தை உள்ளே தரையில் வைத்துவிட்டு விலகினாள்.

சிவப்பு எண்கள் ஏறின. கதவு திறந்து கிடந்தும் ஏறின. கொஞ்ச நேரத்தில் அது காதைக் கிழிக்கிற மாதிரி கத்தத் தொடங்கியது. மற்ற ட்ரெய்லர்களின் கதவுகள் திறந்தன.

"ரிதா, 911 கூப்பிடு. கார்பன் மோனாக்சைடுன்னு சொல்லு. முகாமோட கேட் நம்பர் சொல்லு."

"ஆம்புலன்ஸா?" லொரெட்டா தலையை நிமிர்த்தினாள். "வேண்டாம். யாரையும் கூப்பிடாதே. எனக்கு ஆஸ்துமா, நானே பார்த்துக்கறேன்." போட்டபடியே தூங்கியிருந்த கோட்டின் பையில் துழாவி, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். திரையை முனவ்வராவின் முகத்துக்கு நேரே திருப்பினாள். "பாரு. தொண்ணூத்தெட்டு. என்னைவிட நீதான் நோயாளி மாதிரி இருக்கே."

சுற்றி வந்து நின்றவர்களில் ஒருவர், "நம்பர் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

முனவ்வரா லொரெட்டாவின் எதிரே பனிப்புல்லில் முழங்காலிட்டாள். ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல் தானாக வந்தது: தாழ்ந்த, அவசரமில்லாத, ஆனால் நகராத குரல்.

"லொரெட்டா, நான் தினமும் இந்த வேலைதான் பார்க்கறேன். இந்தக் கிளிப் ரத்தத்தோட சிவப்பைத்தான் பார்க்கும். ஆக்ஸிஜன் ஏறினாலும் ரத்தம் சிவப்பு. இந்த விஷம் ஏறினாலும் சிவப்பு. ரெண்டுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. செத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் இது தொண்ணூத்தெட்டு காட்டும். நான் கண்ணால பார்த்திருக்கேன்."

லொரெட்டா கிளிப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பிடிவாதமாக எழுந்தாள். இரண்டடி வைப்பதற்குள் முழங்கால் மடங்கியது. முனவ்வரா தாங்கிப் பிடித்தாள்.

"என் குதிரை..." லொரெட்டாவின் குரல் முதல் தடவையாக நடுங்கியது. "பிஸ்கட்டைத் தனியா விட்டுட்டு நான் எங்கேயும் போனதில்லை. அவன் யாரையும் கிட்ட சேர்க்க மாட்டான்."

போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லி முடித்திருந்த ரிதா அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். லொரெட்டாவின் அதே இழுப்போடு சொன்னாள்: "மிஸ் லொரெட்டா, ஐ காட் ஹிம். ஐ வோண்ட் லீவ் ஹிம் டில் யூ டெல் மீ வேர் ஹீ கோஸ். ஐ ப்ராமிஸ்."

லொரெட்டா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சரி என்று சொல்வதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது.

ஆம்புலன்ஸ் உறைபனிச் சாலையில் ஊர்ந்து வரும்வரை முனவ்வரா அவளைப் போர்வைகளால் சுற்றி, திறந்த வெளியிலேயே, தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்த ஆட்கள் வேறு வகைக் கிளிப் ஒன்றை மாட்டினார்கள்; விஷத்தைத் தனியாக அளக்கிற கிளிப். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும், அதுவரை தமாஷ் பேசிக்கொண்டிருந்த இளைஞன் வாயை மூடிக்கொண்டு ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம் அந்த ரூம்ல இருந்திருந்தா..." என்று அவன் முனவ்வராவிடம் ஆரம்பித்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். முழுதாகக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. வண்டி போனதும் மிளகிடம் போனாள். கைகளை மிளகின் கம்பளிக்குள் நுழைத்துக்கொண்டு, அதன் சூடான வயிற்றில் நெற்றியைச் சாய்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

பாதையில் பனிக்கட்டி இருந்ததால் போட்டியின் தொடக்கத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆனாலும் மற்றவர்கள் கிளம்பும்போது ரிதா சேணம்கூடக் கட்டவில்லை. பிஸ்கட்டின் பக்கெட்டில் பனியை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போ" என்றாள் முனவ்வரா.

"ஐ ப்ராமிஸ்டு ஹர், மா."

"நீ ப்ராமிஸ் பண்ணது குதிரைக்கு ஆள் இருக்கணும்னு. நான் இருக்கேன்ல? ரெண்டு வருஷம் சாணி அள்ளினது பக்கெட் உடைக்கறதுக்கா? போய்ச் சேணம் கட்டு."

"மா, ஹீ பைட்ஸ்."

"நானும் கடிப்பேன்னு அதுக்கு இன்னும் தெரியாது."

ரிதா சிரித்துவிட்டாள். எல்லோருக்கும் கடைசியில், தனியாக, மிளகின் மேல் ஏறிக் காட்டுக்குள் மறைந்தாள்.

அந்தப் பகல் முழுவதும் முனவ்வரா பிஸ்கட்டோடு மல்லுக்கட்டினாள். அது அவள் ஜாக்கெட் கையைக் கிழித்தது. சிராஜுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவன் மெதுவாக, "ஸ்டவ்வை லோ-ல வெச்சு சமாளின்னு சொல்லலாம்னு நினைச்சேன் நேத்து. நல்லவேளை நீ போனை வெச்சுட்ட" என்றான்.

போட்டி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் மரங்களுக்கிடையில் கருப்பாக ஒன்று அசைந்தது. ரிதா இறங்கி மிளகோடு சேர்ந்து நடந்து வந்தாள். குதிரையின் இதயத் துடிப்பு இறங்கினால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். கால்நடை மருத்துவர் காதில் குழாய் மாட்டி, கடிகாரத்தைப் பார்த்து, குதிரையை இங்குமங்கும் ஓடவிட்டுப் பார்த்து, தலையசைத்தார். முடித்துவிட்டாள். கடைசிக்கு முந்தின இடம்.

அவள் முகம் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றோடேயே உம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் லொரெட்டாவின் மகனிடமிருந்து போன் வந்தது. அபாயம் நீங்கிவிட்டது, ஆனால் இன்னும் ஆக்ஸிஜனில்தான் இருக்கிறாள். குதிரையைத் தன் பண்ணையில் கொண்டுவந்து விட முடியுமா, வழியில்தான் இருக்கிறது என்று தயங்கிக் கேட்டான். பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் போனைப் பிடுங்கியது.

"அந்தப் பொண்ணு முடிச்சாளா?"

"முடிச்சா."

"எத்தனையாவது?"

"கடைசிக்கு முந்தி."

சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "பிஸ்கட் ட்ரெய்லர்ல ஏற மாட்டான். ஆப்பிள் காட்டினாலும் ஏற மாட்டான். சொல்லிட்டேன்."

அவன் ஏறவில்லைதான். மிளகு சமர்த்தாக உள்ளே போய் நின்றது. பிஸ்கட் சரிவுப் பலகையின் விளிம்பில் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு மலையாக நின்றான். ரிதா இழுத்தாள், கெஞ்சினாள், ஆப்பிள் காட்டினாள். முகாமே காலியாகிக்கொண்டிருந்தது. வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கியது.

"மா, ஷுட் வீ ஆஸ்க் சம்படி?"

"வேணாம். கயித்தை என்கிட்ட குடு." முனவ்வரா கயிற்றை இழுக்கவில்லை. தளர்த்திப் பிடித்தாள். குதிரைக்குப் பக்கத்தில், அதன் தோளோடு தன் தோள் உரச, உள்ளே பார்த்தபடி நின்றாள். "எனக்கும் அவசரமில்லடா. நில்லு. எவ்வளவு நேரம் நீ நிக்கறேன்னு பார்க்கலாம்."

குளிர் மறுபடி இறங்கியது. இருவரும் நின்றார்கள். ஒரு தடவை பிஸ்கட் பெருமூச்சு விட்டான். அது அவள் கழுத்தில் சூடாகப் பட்டது. உள்ளே மிளகு வைக்கோலை அசைபோடும் சத்தம் கேட்டது. பிஸ்கட்டின் காதுகள் முன்னால் திரும்பின. ஒரு கால் பலகையின் மேல் ஏறியது. முனவ்வரா அசையவில்லை. அடுத்த கால் ஏறியது.

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவனும் வைத்தான்.